வால்வு சுத்தம்

அந்தப் பட்டறையில் மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்திக்கொண்டது ஒரே ஒரு சொல்லால். கெட்ட வார்த்தையாக இருந்தாலாவது சண்டைக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். சொன்னவர் சொன்னது "சுத்தம்" என்று.

இருவரும் சேர்ந்து நடத்துகிற கார் பட்டறை அது. மூன்று கார் நிற்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினால் நாலு. நடுவில் ஒரு குழி. குழிக்கு மேல் காரை நிறுத்திவிட்டு ஒருவர் கீழே இறங்கி வேலை பார்க்கலாம். முன்பக்கம் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. அதில் உட்கார்ந்து போன் எடுத்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி, சாவி வாங்கி ஆணியில் மாட்டுகிறவள் ஒருவருக்குத் தங்கை, இன்னொருவருக்கு மனைவி. ஆக, இடி எந்தப் பக்கம் விழுந்தாலும் அவள் தலையில்தான் விழும்.

பட்டறைக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது என்றால் அது வால்வு சுத்தம் செய்வதால்தான். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மனப்பாடம். பழைய என்ஜின்களில் பெட்ரோலை வால்வின் முதுகில் தெளிப்பார்கள். அது சிலிண்டருக்குள் போகிற போக்கில் வால்வைக் கழுவிவிட்டுப் போகும். இப்போது வருகிற என்ஜின்களில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சிவிடுகிறார்கள். பெட்ரோல் மிச்சம், வண்டியும் பறக்கிறது, எல்லாம் வாஸ்தவம். வால்வுப் பக்கம் மட்டும் பெட்ரோல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வழியாகக் காற்று வருகிறது. கூடவே என்ஜின் ஆயிலின் புகையும் வருகிறது. புகை வால்வின் முதுகில் படிந்து, சூட்டில் கருகி, கருகியதன் மேல் மறுபடி படிந்து, கடைசியில் அடிப்பிடித்த பாத்திரமாக ஆகிவிடும். அப்புறம் கார் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குளிரில் நிற்கிற ஆள் மாதிரி நடுங்கும். மேடு ஏறச்சொன்னால் மூச்சு வாங்கும்.

இதைச் சுரண்டி எடுக்க, வால்நட் பருப்பின் மேல்ஓட்டைப் பொடித்த தூளைக் காற்றோடு சேர்த்துத் துப்பாக்கியால் அடிக்க வேண்டும். அந்தத் தூள் கரியை விடாது, இரும்பைக் கீறாது. ஆனால் அடிக்கும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் தூள் அத்தனையும் சிலிண்டருக்குள் கொட்டிவிடும், என்ஜின் பாழ். அதனால் ஒருவர் குழிக்குள் நின்று கிராங்கை ஸ்பானரால் மெல்லச் சுற்றுவார்; அது சுற்றச் சுற்ற வால்வுகள் திறந்து மூடும். இன்னொருவர் மேலே நின்று வால்வு மூடுகிறதா என்று பார்த்து, மூடியதும் நிறுத்தச் சொல்லி, பிறகு அடிப்பார். மேலே நிற்பவருக்குக் கீழே இருப்பவர் தெரியமாட்டார். கீழே இருப்பவருக்கு வால்வு தெரியாது. வாய்தான் எல்லாம்.

மேலே நின்று அடிப்பவர் அவளுடைய வீட்டுக்காரர். குழிக்குள் அண்ணன். அடித்து முடித்ததும் குட்டிக் கேமராவை உள்ளே விட்டு, சுத்தமா என்று பார்த்துச் சொல்வதும் அண்ணன்தான். மனிதருக்கு ஒரே ஒரு குரல். கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் அதே குரல். முகமும் அப்படித்தான், புருவம் கூட ஏறாது, இறங்காது.

அன்றைக்கு வந்தது பல் டாக்டர் அம்மாவின் கார். அடித்து முடித்தாயிற்று. அண்ணன் கேமராவை விட்டுப் பார்த்தார். இடுக்கில் இருந்த கரி அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் அடித்தது மேல்தோலை மட்டும்தான் எடுத்திருந்தது. அண்ணன் கேமராவை வெளியே இழுத்து, "சுத்தம்" என்றார். "விளங்கின மாதிரிதான்" என்று நாம் சொல்வோமே, அந்தச் சுத்தம். சொல்லிவிட்டுத் தூள் இன்னும் கொஞ்சம் சலித்து எடுத்துவரப் பின்பக்கம் போனார்; அது ஒரு மணி நேர வேலை.

வீட்டுக்காரர் காதில் விழுந்தது வேறு சுத்தம். அவர் சந்தோஷமாக எல்லாவற்றையும் பூட்டி, முடுக்கி, சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணன் வாளி நிறையத் தூளோடு திரும்பி வந்தபோது குழிக்கு மேல் வெறும் காற்றுதான் நின்றது.

அடுத்த வாரம் கார் நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தது. டாக்டர் அம்மா நடுவில் நிற்க, இருவரும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு இது.

"நீங்கதானே மச்சான் சுத்தம்னு சொன்னீங்க?"

"நான் சுத்தம்னுதான் சொன்னேன்."

இரண்டும் உண்மை. இதில் யாரை என்ன சொல்வது? டாக்டர் அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை இருக்கிறது என்று சொல்லி, நடுங்குகிற காரிலேயே ஏறிப் போய்விட்டார்.

அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வேண்டுமென்றே காரை அனுப்பிவைத்து என் பெயரைக் கெடுத்தான் என்று அண்ணனுக்கு. வேண்டுமென்றே பொடிவைத்துப் பேசி வேடிக்கை பார்த்தார் என்று வீட்டுக்காரருக்கு. ஆனாலும் ஒரே கூரையின் கீழ் ஒரே காரைப் பிரித்து மாட்ட வேண்டியிருக்கிறது. அதனால் பேச்சு முழுக்க அவள் வழியாகப் போனது.

அண்ணன் குழிக்குள்ளிருந்து, பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அந்த மேதாவியிடம் சொல் என்பார். அவள் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து, அண்ணன் பத்தாம் நம்பர் ஸ்பானர் கேட்கிறார் என்று வீட்டுக்காரரிடம் சொல்வாள். கண்ணைத் திறந்து தேடினால் காலடியிலேயே கிடைக்கும் என்று அவர் சொல்வார். அவள் குழியின் விளிம்பில் குனிந்து, அங்கேயேதான் இருக்கிறதாம் அண்ணா என்பாள். மேதாவியும் திறந்த கண்ணும் அவளோடேயே தங்கிவிடும். தான் பெரிய ராஜதந்திரி என்று அவளுக்குக் கொஞ்சம் நினைப்புகூட இருந்தது. பக்கத்துக் கடையில் நாள் முழுக்கச் சக்கர ரிம்மைத் தட்டிக்கொண்டிருக்கிற டயர்க்காரர் அவளுக்குத் 'தபால்' என்று பெயர் வைத்தார். தபால் வந்தாச்சா, தபால் போயாச்சா என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார். அவருக்குப் பொழுது போயிற்று.

இப்படியே மாதக்கணக்கில் ஓடியது. பிறகு ஒரு நாள் அண்ணன், தான் வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேரப்போவதாகச் சொன்னார். இந்தச் சனிக்கிழமையோடு இங்கே சரி, திங்கட்கிழமை அங்கே இருக்க வேண்டும். அதையும் அவளிடம்தான் சொன்னார். அவள் போய் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அந்த ஒரு சேதியைத்தான் அவளால் எதைக் கலந்தும் இனிப்பாக்க முடியவில்லை. அவர் கையிலிருந்த நட்டை ரொம்ப நேரம் துடைத்தார். போகிறவரை நான் ஏன் பிடித்து நிறுத்த வேண்டும் என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தார். பசியில்லையாம்.

தூள் மூட்டை தீரப்போகிறது, புதிதாகச் சொல்லவா என்று அவள் கேட்டபோது, யார் அடிக்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணன் இல்லாமல் அந்த வேலை நடக்காது என்பதை அவர் ஒப்புக்கொண்டது அந்த அளவில்தான். அண்ணன் தன் சிவப்புக் கருவிப் பெட்டியைத் துடைத்து வாசல் ஓரமாக வைத்துவிட்டார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. வருமானம் போய்விடும் என்ற பயம் இல்லை, அது வேறு. அவர்கள் குடும்பத்தில் பேசாமல் இருப்பது ஒரு திறமை. அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் ஓர் ஏணிக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். யார் யாரிடம் இரவல் வாங்கியது என்பது தகராறு. ஏணி உளுத்துப் போயிற்று. பிறகு அப்பாவும் போனார். சித்தப்பா வந்து தலைமாட்டில் நின்றார், வாயைத் திறந்தார், பழக்கதோஷத்தில் மூடிக்கொண்டார். அண்ணனுக்கு அந்த வாய் அச்சு அசலாக வந்திருந்தது. பேசாமல் ஊருக்குப் போனால் பிறகு பேசவே மாட்டார். வீட்டுக்கு வரமாட்டார். அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாகப் போன் பேசியே கிழவியாகிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டர் அம்மா போன் செய்தார். காரில் என்ஜின் கோளாறைக் காட்டுகிற மஞ்சள் விளக்கு இப்போது அணைவதே இல்லையாம். வேறு இடத்தில் காட்டினால் என்ஜினையே மாற்றச் சொல்கிறார்களாம். நீங்கள் சண்டை போட்டாலும் வால்வுதான் என்று சரியாகச் சொன்னவர்கள், அதனால் திரும்ப உங்களிடமே வருகிறேன் என்றார். இத்தனை நாளும் பெட்ரோல் டேங்கில் ஊற்றுகிற சுத்தம் செய்யும் மருந்து பாட்டில் பாட்டிலாக ஊற்றிப் பார்த்தும் பலனில்லை, அது ஏன் என்று கேட்டார்.

அவள் மனப்பாடத்தை ஆரம்பித்தாள்.

"டேங்க்ல என்ன ஊத்தினாலும் வால்வுக்குப் போய்ச் சேராதுங்க. அது வேற வழியா நேரா உள்ள போயிடுது. அழுக்கு இருக்கிற பக்கம் வெறும் புகைதான் வருது. நீங்க எவ்வளவு நல்ல மருந்து ஊத்தினாலும்..."

அங்கே நின்றுவிட்டாள். டாக்டர் அம்மா, "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டார். அவள் லைனில்தான் இருந்தாள். நிறையக் கேட்டுக்கொண்டும் இருந்தாள், தான் சொன்னதையே.

மேதாவி என்று அண்ணன் சொல்வது வீட்டுக்காரர் காதில் விழாமலா இருந்திருக்கும்? பட்டறை என்ன அரண்மனையா? எல்லாம் விழும், விழுந்து படியும். அதன் மேல் அடுத்த நாள் இன்னொன்று படியும். அவள் பாகு காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்த வார்த்தைகள் எல்லாம் வேறு வழியாகப் போய் ஸ்பானரும் நட்டுமாகச் செலவாகிவிட்டன. ஒன்றுகூட அழுக்கைத் தொடவில்லை. இத்தனை மாதமாகத் தான் செய்தது டேங்கில் மருந்து ஊற்றுகிற வேலை என்று நினைத்தபோது அவளுக்கு எரிச்சலாக வந்தது. முதலில் தன் மேல். பிறகு, கொஞ்சம் அதிகமாக, அவர்கள் இருவர் மேலும்.

நாளைக் காலை காரைக் கொண்டுவரச் சொல்லிப் போனை வைத்தாள்.

சனிக்கிழமை அவள் கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளித் துணியோடு பட்டறைக்கு வந்தாள். அண்ணன் என்ன என்று கேட்டார். அவள் தொண்டையைத் தொட்டு, கையை விரித்தாள். வீட்டுக்காரர், காலையில் எழுந்ததிலிருந்தே இப்படித்தான், காற்றுகூட வரவில்லை என்றார். அதை அவர் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் பொதுவாகக் கூரையைப் பார்த்து, வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

டாக்டர் அம்மா காரை ஓட்டிக்கொண்டு வந்தார். நடுங்கியது கார் மட்டும் இல்லை, அதன் நடுக்கத்தில் வாசல் தகரமும் சேர்ந்து அதிர்ந்தது. இறங்கியதும் கழுத்துத் துணியைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கச் சொன்னார். அவள் மறுத்துத் தலையாட்டினாள். பல் டாக்டரிடம் அதெல்லாம் நடக்குமா? போனில் இருந்த விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். மச்சானும் மாப்பிள்ளையும் இரண்டு பக்கமும் நின்றிருப்பதையும், இருவரும் ஒருவர் இருக்கிற திசையை இன்னொருவர் பார்க்காமல் நிற்பதையும் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார்.

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அவ்வளவு மோசமா என்று வீட்டுக்காரர் கேட்க, டாக்டர் அம்மா மறுபடியும் அதையே சொல்லிவிட்டு, கடைவாயில் ஒரு சொத்தை இருக்கிறது, அதை அடுத்த வாரம் வந்து காட்டட்டும் என்று சேர்த்துக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, போகிற அவசரம் எதுவும் இல்லாதவராகக் காலை நீட்டினார்.

வால்வுகளுக்குக் காற்றைக் கொண்டுபோகிற இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றும் வரை பேச்சுக்கு அவசியம் வரவில்லை. உள்ளே கரி போன தடவைக்கு இரண்டு மடங்கு இருந்தது. அண்ணன் குழிக்குள் இறங்கினார். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு மேலே நின்றார். இருவரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் குழியின் விளிம்புக்கு வந்து, வழக்கமான இடத்தில் நின்று, தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தாள்.

இந்த இடத்தில் சாதாரண மனிதர்கள் வாயைத் திறந்திருப்பார்கள். இவர்கள் யோசித்தார்கள். முதலில் அவளைக் கையசைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் வேண்டுமென்றே விமானத்துக்கு வழிகாட்டுகிறவள் மாதிரி கையை வீச, அண்ணனுக்குக் குழிக்குள்ளிருந்து அவள் செருப்புதான் தெரிந்தது. பிறகு வீட்டுக்காரர் ஒரு ஸ்பானரை எடுத்தார். தன்னிடமே பேசிக்கொள்கிற மாதிரி, ஆனால் குழிக்குக் கேட்கிற மாதிரி, ஒரு தட்டு தட்டினால் நிறுத்தணும், ரெண்டு தட்டு தட்டினால் சுத்தணும் என்றார். குழிக்குள்ளிருந்து, புரிந்தது என்பதற்கு ஒரு தட்டு வந்தது. ஒரு தட்டுக்கு அர்த்தம் நிறுத்து என்று இப்போதுதான் சொன்னார் என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

டாக்டர் அம்மா பெஞ்சிலிருந்து அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பு வந்தால் தொண்டையிலிருந்து சத்தமும் வந்துவிடும்.

வெட்கக்கேடு என்னவென்றால் அது வேலை செய்தது. ரெண்டு தட்டு, கிராங்க் சுற்றியது. ஒரு தட்டு, நின்றது. வீட்டுக்காரர் முதல் சிலிண்டரின் வால்வுகளை அடித்தார். கரி உதிர்ந்து குழாய் வழியாக, உறிஞ்சுகிற வேக்குவத்துக்குள் போனது. இரண்டாவதும் அப்படியே முடிந்தது. இருவர் முகத்திலும் ஒரு திருப்தி. பேசாமலே உலகத்தை ஓட்டிவிடலாம் போலிருக்கிறதே என்ற திருப்தி. சிவப்புப் பெட்டி வாசலில் பளபளவென்று நின்றது. இன்னும் இரண்டு சிலிண்டர்தான். அது முடிந்தால் அண்ணன் கை கழுவிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார்.

மூன்றாவது சிலிண்டர். ரெண்டு தட்டு. கிராங்க் சுற்றியது. வால்வுகள் மெல்ல ஏறி மூடின. ஒரு தட்டு. நின்றது. வீட்டுக்காரர் துப்பாக்கி மூக்கை ஓட்டைக்குள் சொருகி, சுற்றிலும் அடைத்தார். இனி உள்ளே வால்வு தெரியாது. விரல் விசைக்குப் போனது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் டயர்க்காரர் அன்றைய முதல் ரிம்மை எடுத்துத் தட்டினார். டங், டங்.

குழிக்குள் அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். சுற்றினார்.

துப்பாக்கிக்குப் பக்கத்தில், கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற பெல்ட் நகர்வது வீட்டுக்காரர் ஓரக்கண்ணில் பட்டது. உள்ளே வால்வு திறந்துகொண்டிருக்கிறது. விரல் விசையின் மேல் பாதி அழுத்தத்தில் இருந்தது. ஸ்பானர் வேறு கைக்கெட்டாத தூரத்தில் கிடந்தது.

"மச்சான், சுத்தாதீங்க!"

பட்டறை அப்படியே நின்றது. டயர்க்காரர்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டார். மாதக்கணக்கில் சுவரில் காதை வைத்திருந்தவருக்கு அந்தக் குரல் யாருடையது, யாருக்குப் போனது என்று புரியாமலா இருக்கும்? அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைக் கம்பளித் துணியால் துடைத்துக்கொண்டாள். சளி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

குழிக்குள்ளிருந்து அந்த ஒரே குரல் வந்தது.

"நீதானே மாப்ள ரெண்டு தட்டு தட்டின?"

"நான் தட்டல மச்சான். டயர்க்காரர் தட்டினாரு."

"அவர் எதுக்கு நம்ம வண்டிக்குத் தட்டுறாரு?"

"அவர் அவரோட ரிம்மத் தட்டினாரு."

தூள் உள்ளே போய்விட்டதா என்று அண்ணன் கேட்டார். இல்லை, அடிக்கவில்லை, விரல்தான் விறைத்துவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். விரலை உதறிக்கொள், அவசரம் இல்லை என்று அண்ணன் சொன்னார். பிறகு அவர்கள் ஸ்பானரைத் தொடவில்லை. சுத்துங்க மச்சான், போதும், இன்னும் ஒரு பொட்டு, நிறுத்துங்க என்று மேலேயிருந்து போனது. ம் என்று கீழேயிருந்து வந்தது. அந்த "ம்"மில் ஒன்றும் பெரிய பாசம் இல்லை. ஆனாலும் அது அவள் வழியாக வரவில்லை. அவள் குழியின் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த இடத்தில் அவளுக்கு வேலை இல்லாமல் இருந்தது.

நான்காவதும் முடிந்தது. அண்ணன் குழியிலிருந்து ஏறி வந்தார். கையைத் துடைத்தார். கேமராவை எடுத்து, முதல் ஓட்டையில் விட்டு, கையில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார். அடுத்தது. அதற்கடுத்தது. வீட்டுக்காரர் மேனிஃபோல்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். அண்ணன் நான்காவதைப் பார்த்து முடித்துக் கேமராவை வெளியே இழுத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"சுத்தம்" என்றார்.

டாக்டர் அம்மா நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். வீட்டுக்காரர் மேனிஃபோல்டோடு ஓர் அடி முன்னே வைத்தார், நின்றார்.

"எந்தச் சுத்தம் மச்சான்?"

அண்ணன் அந்தக் கேள்வியை இப்போதுதான் யாரோ கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல சுத்தம்தான்" என்றார். பிறகு, "அன்னிக்கே இத ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"அன்னிக்கு நீங்களே அந்த நல்லத சேர்த்துச் சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு நல்லா இல்லையே மாப்ள. எப்படிச் சேர்த்துச் சொல்றது?"

"அப்ப நல்லா இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அதத்தான சுத்தம்னு சொன்னேன்."

பழைய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். அண்ணனின் வாய் மூடத் தொடங்கியது. அப்பாவின் வாய், சித்தப்பாவின் வாய். வீட்டுக்காரர் மேனிஃபோல்டைப் பார்த்தார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"இன்னொரு தடவ ஆரம்பிச்சீங்க, ரெண்டு பேரையும் குழிக்குள்ள தள்ளி மேல கார நிறுத்திட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன். ஒரு சொல்லுக்கு இத்தன மாசம். என் காலு தேஞ்சு போச்சு. அண்ணா, நீ போனா நான் அழுவேன். அவரும் அழுவாரு, ஆனா அத நட்டுத் தொடைக்கிற மாதிரி செய்வாரு. இத அவர்கிட்ட நீ சொல்லு, உன்கிட்ட அவர் சொல்லட்டும், என்னால இனிமே முடியாது."

ஒரே மூச்சில் வந்தது. குரல் கணீரென்று இருந்தது.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாப்ள, இவளுக்குத் தொண்ட கட்டியிருந்துச்சுல்ல?"

"காத்துகூட வரலையே மச்சான்."

இருவரும் சேர்ந்து பெஞ்சுப் பக்கம் திரும்பினார்கள். டாக்டர் அம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னுதான் சொன்னேன்" என்றார்.

மேனிஃபோல்டை மாட்டி, எல்லாவற்றையும் முடுக்கி, ஸ்டார்ட் செய்தார்கள். கார் நடுங்கவில்லை. வாசல் தகரம் சும்மா இருந்தது. டாக்டர் அம்மா சாவியை வாங்கிக்கொண்டு, அந்தச் சொத்தை மட்டும் நிஜம் என்று அவள் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் வரவில்லை. இருவருக்கும் அவள் மேல் கோபம். காலையிலிருந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தோமே என்று வீட்டுக்காரருக்கு. என்னை ஸ்பானர் சத்தத்துக்கு ஆட வைத்தாளே என்று அண்ணனுக்கு. அவளோடு பேசுவதில்லை என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்துவிட்டது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அதைப் பற்றி அவர்களுக்குள் பேசிக்கொண்டே இருந்தார்கள். சின்ன வயதிலேயே இவள் இப்படித்தான் என்று அண்ணன் எதையோ எடுத்துவிட, நீங்கள் இதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் மச்சான் என்று வீட்டுக்காரர் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டயர்க்காரர், தபால் ஆபீஸ் மூடியாச்சா என்று கேட்டார்.

பட்டறையைப் பூட்டுகிற நேரத்துக்கு அண்ணன் தூள் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு பிடிகூட இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இருப்பது நன்றாகத் தெரிந்தும், அவள் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"மாப்ள, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிவை. திங்கக்கிழம நான் வரும்போது தூள் மூட்ட வந்திருக்கணும்."

வீட்டுக்காரர் கையிலிருந்த துணி நின்றது. அவர் வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு ரொம்பச் சிரமப்பட்டார். பிறகு கண்ணாடி அறைக்கு நடந்து வந்து, கதவைத் திறந்து, ஒரு சொல்லையும் விடாமல், ஒரு சொல்லையும் சேர்க்காமல் சொன்னார்.

"உங்கண்ணன் சொல்றாரு. திங்கக்கிழம அவர் வரும்போது தூள் மூட்ட வந்திருக்கணுமாம்."

அவளுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தால் எல்லாம் கலைந்துவிடலாம். அவள் தொண்டையைத் தொட்டுக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.